கொள்ளிவாய் தேடிப் போன கதை!

எங்கள் ஆபீஸில் பேய், பிசாசு பற்றிய பேச்சு பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் கிளம்பும். பர்ஸ் காலியானால் மனுஷனுக்கு மேலோக சிந்தனை வந்துவிடுகிறது.

அப்படியொரு இருபத்தெட்டாம் தேதி மத்தியானம். தயிர்சாதத்துக்கு நடுவே குழி பறித்து ஊறுகாயை நல்லடக்கம் செய்துகொண்டே, பக்கத்து சீட் நண்பன் சொன்னான்:

"எங்க ஊர்ப் பக்கம் கல்வராயன் மலையில கொள்ளிவாய்ப் பிசாசு இருக்கு மாப்ளே. எங்க ஆயாவே பார்த்திருக்கு."

"எப்படி இருக்குமாம்?"

"ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடையோரம் கிளம்பும். அப்படியே மேடு ஏறும். வாயைத் திறந்தா நெருப்பு. மூடினா இருட்டு."

"நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்லு."

"விளையாடாதே. அது உன் பேரைச் சொல்லிக் கூப்பிடும். ஆனா ஒரு தடவைதான் கூப்பிடும். மூணு தடவை கூப்பிட்டாத்தான் மனுஷன். அதுவரைக்கும் திரும்பிப் பார்க்கவே கூடாது."

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. ஆனால், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் சமையலறை லைட்டைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பேன். கரப்பான் பூச்சிக்காக என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

"நேர்ல காட்டு, பார்க்கலாம்!" என்று சொல்லித் தொலைத்தேன்.

இந்த இடத்தில் நண்பனைப் பற்றி ஒரு வார்த்தை. அவனிடமே ஒரு சின்ன மர்மம் உண்டு. அவன் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. முன்பெல்லாம் ஆபீஸுக்குப் புதுசாக யார் வந்தாலும், "கள்ள நோட்டு, கள்ளச் சாவி மாதிரியா சார் உங்க ஊரு?" என்று கேட்பார்கள். இவன் அசராமல், "குறிச்சின்னா குறிஞ்சி நிலத்து ஊர் சார். சுத்தமான தமிழ்! உங்க ஊர்ப் பேருக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க பார்ப்போம்?" என்று மடக்குவான். கொஞ்ச காலமாக அதை நிறுத்திவிட்டான். யாராவது ஊர் எது என்று கேட்டால், "சேலம் பக்கம்" என்று முணுமுணுத்துவிட்டு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்கிறான்.

ஏன்? கேட்டால் பதில் வராது. கொள்ளிவாயோடு சேர்த்து இந்தக் கேஸையும் துப்பறிந்துவிடுவது என்று எனக்குள் தீர்மானம் செய்துகொண்டேன்.

* * *

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ். உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டு வலது பக்கம் சேலம் சாலைக்குத் திரும்பினால் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், அப்புறம் கள்ளக்குறிச்சி. பக்கத்து சீட்டுக்காரர் வழி முழுக்க என் தோளில் பட்டா போட்டுத் தூங்கினார்.

இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். அரிசி ஆலைகள், முதுகு கொள்ளாமல் கரும்பு சுமந்து போகும் டிராக்டர்கள், மரச்சிற்பப் பட்டறைகள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறை வாசலில் பாதி செதுக்கிய பிள்ளையார் ஒருவர், தும்பிக்கை வந்தும் கண் திறக்காமல் காத்திருந்தார். எனக்கும் அப்போது அதே நிலைமைதான்.

நண்பனின் அம்மா இட்லியை அடுக்கிக்கொண்டே விசாரித்தார்.

"மலைக்கு என்னப்பா வேலை?"

"பிசாசு பார்க்கப் போறோம்மா."

"கல்யாணம் பண்ணிக்குங்கடான்னா கேட்கறதில்லை... பிசாசு பார்க்கப் போறானுங்களாம்!" என்று சட்னியை ஊற்றினார்.

நண்பனின் பைக்கில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. முழுக் கொள்ளளவு 46 அடி. மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் அரசியலைவிட முக்கியமான கேள்வி, "இன்னிக்கு எத்தனை அடி?" என்பதுதான். அணைக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கிறது மலை.

கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலைக் குடும்பத்தில் ஒரு பிள்ளை. சேர்வராயன், ஜவ்வாது, பச்சைமலை எல்லாம் கூடப் பிறந்தவர்கள். கள்ளக்குறிச்சியும் சேலமும் இதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பெரும்பகுதி இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரம்தான். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஸ்வெட்டர் விற்பவர்கள் கிடையாது. 'ஹனிமூன் ஸ்பாட்' போர்டு கிடையாது. வளைவுக்கு வளைவு மரவள்ளிக் காடு, பலா மரம், ஓடை. பெரியார் அருவியில் தலையைக் கொடுத்தோம். ஆபீஸ் தூசி, பஸ் தூசி, மாதக் கடைசிக் கவலை... மூன்றும் ஒரே குளியலில் போயிற்று.

வெள்ளிமலை டீக்கடையில்தான் முதல் அசடு வழிந்தேன். "மலை பூரா மலையாளிங்கதான் மாப்ளே" என்று நண்பன் சொல்லியிருந்தானா... நான் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்து, பார்த்த மோகன்லால் படங்களை எல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டு, "சேட்டா, சுகமாணோ?" என்றேன்.

அவர் 'ஙே' என்று விழித்தார். "இது எந்த ஊரு பாஷை சாமி?"

இங்கே மலையாளி என்றால் மலையை ஆள்பவர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலையிலும் இருக்கும் பழங்குடியினர் இவர்கள். பூர்வீகம் காஞ்சிபுரம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் கிளம்பி வந்து, ஆளுக்கொரு மலையில் குடியேறினார்களாம். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு இல்லாமல் மலைகளையே பிரித்துக்கொண்ட ஒரே குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்!

* * *

நண்பனின் அப்பாவுக்குக் கடுக்காய் கொடுத்துவந்த பெரியவர் ஒருவர் வீட்டில் எங்களுக்கு ஜாகை. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டபோது நண்பன் முழங்கையால் இடித்தான். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பழைய கதைகளைச் சொன்னார்.

"நாட்டுக்கு 1947-ல சுதந்திரம் தம்பி. எங்களுக்கு அது மலை ஏறி வர்றதுக்கு 1976 ஆயிடுச்சு."

ஜோக் இல்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள் இந்த மலையைப் பிரித்து வைத்திருந்தன. அந்த முறை முடிந்து மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்தான்.

நான் மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். "இங்க கொள்ளிவாய்..."

பெரியவர் பொக்கை வாயால் சிரித்தார். "இருக்கே! ராத்திரி ஓடைப் பக்கம் போய்ப் பாருங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் திரும்பாதீங்க."

ராத்திரி ஒன்றரை மணி. ஆளுக்கொரு செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம். நகரத்தில் இருட்டு என்று நாம் சொல்வதெல்லாம் சும்மா மங்கல். நிஜ இருட்டு எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். எங்கேயோ தண்ணீர் சலசலத்தது. ஒரு தவளை, பாட்டு வாத்தியார் மாதிரி ஒரே ஸ்வரத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

சரியாக எதிர்ச் சரிவில்... ஒரு வெளிச்சம்!

மினுக்கென்று எரிந்தது. நகர்ந்தது. அணைந்தது. நாலடி தள்ளி மறுபடி எரிந்தது.

"வாயைத் திறக்குதுடா... மூடுதுடா..." என்று நண்பன் என் சட்டையைப் பிடித்தான். அடுத்த நிமிஷம் சட்டையிலிருந்து கை விலகியது. திரும்பிப் பார்க்க தைரியம் இல்லை. பின்னாலிருந்து, பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

ஒரு தடவை. நான் அசையவில்லை.

இரண்டாவது தடவை. கந்த சஷ்டி கவசத்தை நடுவிலிருந்து ஆரம்பித்தேன்.

மூன்றாவது தடவை, பேருக்கு முன்னாலும் பின்னாலும் சில கெட்ட வார்த்தைகள் சேர்ந்து வந்தன. பிசாசுக்கு என் பரம்பரை பற்றி இவ்வளவு தெரிந்திருக்க நியாயமில்லை. திரும்பினேன். நண்பன் இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அவனை இழுத்து மேலே விடுவதற்குள் எதிர்ச் சரிவில் 'டண டண டண' என்று தகரம் தட்டும் சத்தம். வெளிச்சம் நேராக எங்களைப் பார்த்து வந்தது. கிட்டே... இன்னும் கிட்டே...

"யா... யார்ரா அது?" என்றது நடுங்கிய குரல்.

பிசாசின் நெற்றியில் டார்ச் லைட் கட்டியிருந்தது. ஒரு கையில் தடி, இன்னொரு கையில் எண்ணெய் டின். மக்காச்சோளக் காட்டில் பன்றிக் காவல் இருந்த மனுஷர். அவர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினால் வெளிச்சம் தெரியும். அந்தப் பக்கம் திருப்பினால் தெரியாது. வாய் திறந்து மூடிய மர்மம் அவ்வளவுதான்!

"ஓடைக்குள்ள ரெண்டு கொள்ளி ஆடிக்கிட்டு வருதேன்னு குலை நடுங்கிப் போச்சு சாமி! அதான் தகரத்தைத் தட்டினேன்" என்றார்.

அதாவது வாசகர்களே... அவருக்கு நாங்கள்தான் கொள்ளிவாய்.

* * *

காலையில் டீக்கடைக்குப் போவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. "நேத்து ஓடையில ரெண்டு பிசாசாம்பா. அதுல ஒண்ணு முருகர் பாட்டு வேற பாடிச்சாம்!" நான் டீயை உறிஞ்சிக்கொண்டே தரையைப் பார்த்தேன்.

பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் நிஜத்தைச் சொன்னார். "எங்க காலத்துல காட்டுக்குள்ள தெரிஞ்ச வெளிச்சம் வேற தம்பி. ஓடையோரம் சாராய அடுப்பு எரியும். அங்க கொள்ளிவாய் நடமாடுதுன்னு ஒரு வார்த்தை போட்டு வெச்சா, ஆடு மேய்க்கிற பையன்கூட அந்தப் பக்கம் போகமாட்டான். சம்பளம் வாங்காத வாட்ச்மேன்!"

இந்த மலையின் ஒரு பங்கை வைத்திருக்கிற சேலம் மாவட்டத்தில்தான், 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்திலேயே முதல்முறையாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சட்டம் கீழே இருந்தது. ஓடையும் வேலம்பட்டையும் மேலே இருந்தன. ஊறல் பானைக்கு மலை வசதியாகப் போயிற்று.

"ஆனா பத்து பேர் காய்ச்சினா மலையே காய்ச்சுதுன்னு சொல்லிடறாங்க" என்றார் பெரியவர். குரலில் சிரிப்பு இல்லை. "சாமை விளைக்கிறவன், கடுக்காய் பொறுக்கறவன், ராத்திரி பூரா பன்னி விரட்டறவன்... இவனையெல்லாம் யாரு பேசறா?"

பேச்சை மாற்ற, நான் என் விஞ்ஞானத்தை எடுத்து விட்டேன். கொள்ளிவாய்க்கு உலகம் பூரா சொந்தக்காரர்கள் உண்டு. வங்காளத்தில் 'ஆலேயா', இங்கிலீஷ்காரர்களுக்கு 'வில் ஓ த விஸ்ப்'. சதுப்பில் இலை தழை மட்கும்போது கிளம்பும் வாயு எரிவதுதான் அது என்று ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார்கள். 1776-ல் இத்தாலியில் வோல்டா என்ற விஞ்ஞானி (கரண்ட் சமாச்சாரத்தில் வருகிற அதே 'வோல்ட்' ஆசாமிதான்) ஏரிச் சேற்றைக் குச்சியால் கிளறி, வந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். குப்பென்று எரிந்தது. அதுதான் மீத்தேன். அது தானாக எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதில்தான் ரசாயனக்காரர்களுக்குள் இன்னும் வழக்கு.

"சேத்தைக் கிளறி நெருப்பு வெச்சாரா? அந்த ஆளுக்கு வீட்ல வேலை ஒண்ணும் கிடையாதா?" என்றார் பெரியவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நண்பன் மட்டும் சிரிக்கவில்லை.

* * *

மலை இறங்கும்போது அவன் பேசவே இல்லை. கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்ததும் ஒரு திருப்பத்தில் பைக்கை ஓரம் கட்டினான்.

"இப்படிப் போனா கருணாபுரம்" என்றான்.

2024 ஜூன் மாதம் அந்தப் பெயரை நாடே கேட்டது. கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். பெண்களும் உண்டு. அந்த வருஷம் நவம்பரில் ஐகோர்ட் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

"நீ சொன்னியே மீத்தேன்... கொள்ளிவாய் வாயு. அதிலிருந்துதான் ஃபேக்டரியில மெத்தனால் பண்றாங்க, தெரியுமா?" என்றான் நண்பன். அந்த வருஷம் முழுக்க இதைத்தான் படித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. "பெயின்ட், பிளாஸ்டிக் பண்றதுக்கான சரக்கு. அதைத்தான் சாராயம்னு கொடுத்தாங்க. மலையில காய்ச்சினதுகூட இல்லை. உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் அமிலமா மாறும். முதல்ல கண்ணைப் பிடிக்கும். ரெண்டு மூணு ஸ்பூன் போதும். இன்னொண்ணு தெரியுமா? மெத்தனால் எரிஞ்சா, பகல்ல நெருப்பே கண்ணுக்குத் தெரியாது."

வெளிச்சம் காட்டுகிற பிசாசுக்குப் பயந்து ஊரே ஒதுங்கிப் போகிறது. வெளிச்சமே இல்லாத பிசாசு, பாக்கெட்டில் உட்கார்ந்து கைக்குக் கை மாறியிருக்கிறது.

"எங்கூட அஞ்சாவது வரைக்கும் படிச்சவன் ஒருத்தன். மூட்டை தூக்குவான். 'கண்ணு மங்கலா தெரியுது'ன்னு சொல்லிக்கிட்டே ஆட்டோவுல ஏறினானாம். அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரையே பார்த்தான். "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஊருக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? திரும்பி ஆபீஸுக்கு வந்தா ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கேட்கறார்... 'என்னப்பா, உங்க ஊர் சரக்கு எங்களுக்கு ஒரு பாக்கெட் கொண்டு வரலையா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

"நீயும்தான் சிரிச்சே மாப்ளே."

ஞாபகம் இருந்தது. மத்தியான நேரம். ஊறுகாய் பாட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. நான் சிரித்தது மட்டுமில்லை... "ஊர்ப் பேர்லயே கள்ளம் இருக்கே!" என்று என் பங்குக்கு ஒன்று சேர்த்தும் விட்டிருந்தேன். பெரிய தமாஷ் என்று நினைப்பு. அன்றிலிருந்துதான் அவனுக்கு ஊர் 'சேலம் பக்கம்' ஆகியிருக்கிறது.

இரண்டாவது கேஸும் முடிந்தது. துப்பறியப் போனவன்தான் குற்றவாளி. ராத்திரி ஓடையில் மட்டுமா நான் கொள்ளிவாய்? வாயைத் திறந்தால் நெருப்பு!

"ஸாரிடா" என்றேன். தமிழில் அதற்கு இன்னும் நல்ல வார்த்தை உண்டு. அந்த நேரத்துக்கு வரவில்லை.

"சரி விடு. ராத்திரி நான் பள்ளத்துல கிடந்தப்ப ரெண்டு தடவை கூப்பிட்டும் திரும்பலையே, அதுக்கும் சேர்த்துச் சொல்லு" என்று பைக்கை உதைத்தான். அம்மா மடியில் கட்டிக் கொடுத்த பலாக்கொட்டைப் பொட்டலம் வழி நெடுக அவன் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் உறுத்திக்கொண்டே வந்தது.

* * *

திங்கட்கிழமை. செக்‌ஷனில் புதுப் பையன் ஒருவன் சேர்ந்திருந்தான். எல்லோரிடமும் ஊர் விசாரித்துக்கொண்டே எங்கள் மேஜைக்கு வந்தான்.

"சாருக்கு எந்த ஊரு?"

நண்பன் ஃபைலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கள்ளக்குறிச்சி" என்றான்.

"ஓ... அந்த..." என்று பையன் ஆரம்பித்தான்.

"அதே ஊர்தான் தம்பி!" என்று நான் குறுக்கே விழுந்தேன். "குறிச்சின்னா குறிஞ்சி நிலத்து ஊர். மரச்சிற்பத்துக்குப் பேர் போனது. பக்கத்துலயே கல்வராயன் மலை. சாமைச் சோறு சாப்பிட்டிருக்கியா? அருவியில குளிச்சிருக்கியா? அங்க ஓடையோரமா ரெண்டு கொள்ளிவாய்கூட நடமாடுதாம். அதுல ஒண்ணு நல்லாப் பாடும்."

பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நிஜமாவா சார்? எப்படி இருக்கும்?"

நண்பன் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தான். "வாயைத் திறந்தா நெருப்பு..." என்று கதையை ஆரம்பித்தான்.

அந்தச் சமயம் பார்த்து கேபினுக்குள்ளிருந்து மேனேஜர் என் பேரைச் சொல்லி ஓங்கிக் கூப்பிட்டார். எழுந்திருக்கப் போன என் கையை நண்பன் பிடித்து அமுக்கினான்.

"உட்காரு மாப்ளே. ஒரு தடவைதானே கூப்பிட்டிருக்கு!"